டைபீரியஸின் டெனாரியஸ்: ஒரு ரோமானிய வெள்ளிக்காசை இனங்காண முழு வழிகாட்டி

ரோமப் பேரரசர் டைபீரியஸ் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டார். அவர் பெயரில் வெளிவந்த வெள்ளி டெனாரியஸ்களில் மிகப் பெரும்பாலானவை ஒரே வடிவம்தான்: முன்புறம் வெற்றிமாலை சூடிய அவர் தலை, பின்புறம் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண். ஆட்சி முழுக்க அந்த அச்சை அவர் மாற்றவே இல்லை என்று சொல்லிவிடலாம். பொள்ளாச்சி, கரூர், உடுமலைப் பக்கத்துப் பூதிநத்தம் என்று கொங்கு நாட்டில் கிடைத்த ரோமானியப் புதையல்களில் திரும்பத் திரும்ப வருவதும் இந்தக் காசுதான். ஆகவே தமிழ்நாட்டில் நாணயம் சேர்க்கும் ஒருவர் ரோமானிய வெள்ளியைக் கற்கத் தொடங்க இதைவிடப் பொருத்தமான காசு கிடையாது. எளிதாகக் கிடைக்கிற காசு என்பதால் போலியும் இதில்தான் மிகுதி.

பலரும் காசு கைக்கு வந்ததும் முகத்தைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது எடை.

தேவையானவை

0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு போதும், 0.001 கிராம் வரை காட்டுவது கிடைத்தால் அடர்த்திச் சோதனை பல மடங்கு நம்பகமாகும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பர் (இரும்புக் காலிப்பர் காசைக் கீறும்), காய்ச்சி வடித்த நீர், பருத்தி நூல், பக்கவாட்டில் வைக்கக்கூடிய ஒரு மேசை விளக்கு. மேசையில் ஒரு மெத்தென்ற துணியை விரித்துக்கொள்ளுங்கள். அது வெறும் ஒழுங்குக்காக அல்ல. ஈராயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கும் தன்மை அடைந்திருக்கலாம். வெளியே பளபளப்பாக இருக்கும் காசு சிமெண்டுத் தரையில் விழுந்தால் இரண்டாக உடையும். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள்.

படி 1: எடையும் அளவும்

டைபீரியஸுக்கு முந்திய பேரரசர் அகஸ்டஸ் காலத்து முறைப்படி ஒரு ரோமானிய பவுண்டு வெள்ளியில் 84 டெனாரியஸ் அடித்தார்கள். ஒரு காசுக்கு ஏறக்குறைய 3.9 கிராம் வரும். டைபீரியஸும் அதையே தொடர்ந்தார். புழக்கத்தில் தேய்ந்தது போக, இன்று கிடைக்கும் நல்ல காசுகள் பெரும்பாலும் 3.6 முதல் 3.85 கிராமுக்குள் நிற்கும். குறுக்களவு 17 முதல் 20 மில்லிமீட்டர். கையால் அடித்த காசு என்பதால் முழு வட்டமாக இருக்காது. இரண்டு மூன்று இடத்தில் அளந்து பெரியதையும் சிறியதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3.4 கிராமுக்குக் கீழே போனால் காரணம் தேடத் தொடங்க வேண்டும். மிகுந்த தேய்மானமா, விளிம்பு நறுக்கப்பட்டிருக்கிறதா, உள்ளே செம்பு வைத்து வெள்ளி போர்த்தியதா? எழுத்தும் தலைமுடியும் கூர்மையாக இருந்து எடை மட்டும் 3 கிராம் காட்டினால், அது தேய்மானம் அல்ல. நான்கு கிராமைத் தாண்டினாலும் ஐயம் கொள்ளுங்கள்.

இந்த நிலையான எடை அந்தக் காலத்திலேயே பேசப்பட்டது. கிளாடியஸ் ஆட்சியில் இலங்கைக்குக் காற்றால் அடித்துவரப்பட்ட ஒரு ரோமானியனிடம் இருந்த டெனாரியஸ்களைப் பார்த்த அத்தீவின் அரசன், வெவ்வேறு முகங்கள் இருந்தும் எல்லாக் காசும் ஒரே எடை நிற்பதைக் கண்டு ரோமரின் நேர்மையை வியந்தான் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். கி.பி. 64இல் பேரரசர் நீரோ பவுண்டுக்கு 96 காசு என்று எடையைக் குறைத்து, வெள்ளியின் தூய்மையையும் இறக்கினார். டைபீரியஸ் காசில் வெள்ளி சுமார் 97–98 விழுக்காடு. இந்தியப் புதையல்களில் நீரோவுக்கு முந்திய வெள்ளியே ஏன் குவிந்து கிடக்கிறது என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் இது முதன்மையானது. இங்கிருந்த வணிகர் அதை முகமதிப்புக்கு வாங்கவில்லை, வெள்ளியாக நிறுத்து வாங்கினார்கள்.

படி 2: முன்புற எழுத்து

விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டிலிருந்து ஒளி விழச் செய்யுங்கள். மங்கிய எழுத்து நிழலில் எழுந்து வரும். காசை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே கடிகார முள் திசையில் படியுங்கள்.

வரிசை இது: டி, ஐ; அடுத்து சி, ஏ, இ, எஸ், ஏ, ஆர்; அடுத்து டி, ஐ, வி, ஐ; அடுத்து ஏ, வி, ஜி; தனியே எஃப்; கடைசியாக ஏ, வி, ஜி, வி, எஸ், டி, வி, எஸ். இதில் முதல் டி ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்து. ‘டிஐவிஐ’யில் வருவது நான்காவது எழுத்து. லத்தீன் கல்லெழுத்தில் யு கிடையாது, அந்த ஒலிக்கும் வி வடிவமே வரும். சொற்களுக்கு இடையே இடைவெளி இருக்காது என்பதால், தொடக்கத்தைத் தேடி நேரம் வீணாக்காமல், முதலில் ‘சீசர்’ என்ற ஆறு எழுத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முன் இரண்டே எழுத்து இருந்தால் வழி சரி.

பொருள்: ‘டைபீரியஸ் சீசர், தெய்வமான அகஸ்டஸின் மகன், அகஸ்டஸ்’. பெற்ற மகன் அல்ல. அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கும் அவருடைய முதல் கணவருக்கும் பிறந்தவர், கி.பி. 4இல் அகஸ்டஸ் அவரைத் தத்தெடுத்தார். கி.பி. 14 ஆகஸ்டில் இறந்த அகஸ்டஸை அடுத்த மாதம் ரோம ஆட்சிமன்றம் தெய்வமாக அறிவித்தது. அந்த அறிவிப்புதான் காசில் ‘தெய்வத்தின் மகன்’ ஆயிற்று. ஆட்சிக்கு அவருக்கிருந்த உரிமைச் சீட்டே அந்தத் தொடர்தான்.

ஒரு பகுதி அச்சுக்கு வெளியே விழுந்து எழுத்து பாதி காணாமல் போயிருப்பது சாதாரணம். மூன்று, நான்கு எழுத்து தெளிவாகக் கிடைத்தாலே போதும், அவை சரியான வரிசையில் இருந்தால்.

படி 3: பின்புறம், அதில் உள்ள பொறி

பின்புறத்தில் இருப்பது இரண்டே சொல்: பி, ஓ, என், டி, ஐ, எஃப், எம், ஏ, எக்ஸ், ஐ, எம். ‘தலைமைக் குரு’ என்பதன் சுருக்கம். நடுவில் வலப்பக்கம் நோக்கி அமர்ந்த பெண். ஒரு கையில் நெடுங்கோல், மறு கையில் கிளை.

பின்புறத்தை மட்டும் பார்த்து ‘டைபீரியஸ்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதே பெண், இதே இரண்டு சொல், அகஸ்டஸ் தன் கடைசிக் காலத்தில், கி.பி. 13–14இல், வெளியிட்ட டெனாரியஸிலும் உண்டு. டைபீரியஸ் புதிதாக எதையும் உருவாக்கவில்லை. தத்துத் தந்தையின் கடைசி அச்சை எடுத்துக்கொண்டு தலையையும் பெயரையும் மாற்றினார். அகஸ்டஸின் அந்தக் காசு அரிது, டைபீரியஸின் காசு மிகுதி. விலை வேறுபாடும் அதற்கேற்ப.

பிரித்தறிய முன்புறத்துக்குத் திரும்புங்கள். அகஸ்டஸ் காசின் எழுத்து ‘பேட்டர் பேட்ரியே’, அதாவது ‘நாட்டின் தந்தை’ என்று முடியும். டைபீரியஸுக்கு அந்தப் பட்டம் பலமுறை நீட்டப்பட்டும் அவர் ஏற்கவே இல்லை. ஆகவே பி எழுத்தில் தொடங்கும் இரண்டு சொல் தலையைச் சுற்றி எங்கேனும் தெரிந்தால், காசு டைபீரியஸுடையது அல்ல. தமிழ்நாட்டுப் புதையல்களில் இதற்கு இணையாகக் கிடைக்கும் மற்றொரு அகஸ்டஸ் காசில் குழப்பமே வராது: பின்புறத்தில் அவருடைய பேரன்கள் கையஸும் லூசியஸும் நிற்பார்கள், நடுவே கேடயங்களும் ஈட்டிகளும்.

டைபீரியஸுக்கே வேறொரு டெனாரியஸும் உண்டு. நான்கு குதிரை பூட்டிய தேரில் அவர் நிற்கும் அச்சு, ஆட்சியின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்தது. அது அரிது. தேர்க்காசு என்று ஒன்று கிடைத்தால் அவசரப்படாமல் எடை, எழுத்து, பாணி மூன்றையும் இருமுறை சரிபாருங்கள்.

அந்தப் பெண் யார்? விற்பனைப் பட்டியல்களில் ‘லிவியா’ என்று உறுதியாகப் போட்டிருப்பார்கள். காசில் அப்படி எழுத்து ஏதும் இல்லை. அமைதித் தெய்வத்தின் கோலத்தில் பேரரசரின் தாய் என்பது ஓர் ஏற்கத்தக்க விளக்கம், விளக்கம் மட்டுமே. உங்கள் குறிப்பேட்டில் ‘அமர்ந்த பெண், லிவியாவாகக் கருதப்படுபவர்’ என்று எழுதுவதே சரி.

படி 4: நாற்காலிக் கால்கள்

இந்தக் காசில் ஆண்டைச் சொல்லும் எண் எதுவும் இல்லை. டைபீரியஸ் தலைமைக் குருவானது கி.பி. 15 மார்ச் 10. அதற்குப் பிறகு 37 வரை எப்போது வேண்டுமானாலும் அடித்திருக்கலாம். அதனால் அறிஞர்கள் சின்னச் சின்ன வேறுபாடுகளை வைத்து முன்பின் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். லென்ஸில் இவற்றைப் பாருங்கள்:

– நாற்காலிக் கால்கள் நேரான எளிய கோடுகளா, கடைந்தெடுத்த உருளைகள் போல அலங்காரமானவையா?
– நாற்காலிக்குக் கீழே தரைக்கோடு ஒன்றா, இரண்டா?
– பெண்ணின் கையில் இருப்பது கோலா, தலைகீழாகப் பிடித்த ஈட்டியா?
– காலடியில் முக்காலி உண்டா?

எளிய கால்கள் முந்தியவை, அலங்காரக் கால்கள் பிந்தியவை என்பது பொதுவான போக்கு. ரோமப் பேரரசு நாணயங்களுக்கான, ஆர்.ஐ.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பட்டியலின் முதல் தொகுதியில் டைபீரியஸ் 26, 28, 30 என்ற எண்களில் இவை பிரிக்கப்பட்டிருக்கின்றன. 26 எளிய கால், 30 அலங்காரக் கால். சந்தையில் மிகுதியாக வருவது 30. தரைக்கோடு தேய்ந்துபோன காசுக்கு வலிந்து ஒரு எண்ணை ஒட்டாதீர்கள். ‘26 முதல் 30 வரை, வகை தெளிவில்லை’ என்று எழுதுவதில் எந்தக் குறையும் கிடையாது.

அச்சடித்த இடம் லுக்டுனும், இன்றைய பிரான்சின் லியோன் நகரம்.

படி 5: முகம்

இப்போது முகத்துக்கு வரலாம். நீண்டு சற்றே வளைந்த மூக்கு, சிறிய வாய், பின்கழுத்தில் தாழ இறங்கும் முடி. டைபீரியஸ் பிடரியில் முடியை நீள விட்டிருந்தார், அது அவர் குடும்ப வழக்கம் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருப்பதைக் காசும் உறுதிப்படுத்துகிறது. வெற்றிமாலையின் நாடா முனைகள் கழுத்துக்குப் பின்னால் தொங்கும். ஆட்சிக்கு வரும்போது அவருக்கு வயது 54, இறக்கும்போது 77. காசில் அந்த முதுமை தெரியாது. அரசு விரும்பிய வயதுதான் தெரியும்.

முகத்தை அடையாளத்துக்குக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வோர் அச்சும் கையால் வெட்டப்பட்டது. ஒரு செதுக்கர் கைக்கு அவர் மெலிந்தவர், இன்னொருவர் கைக்குத் தடித்தவர். இருபது காசுகளின் படத்தையாவது அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் ‘இந்தப் பாணி லுக்டுனும் பாணி அல்ல’ என்று சொல்லும் கண் வரும். பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் தொகுப்பின் படங்களை இணையத்தில் தந்திருக்கின்றன; சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகள் உள்ளன.

காசில் தெரியும் இந்த மனிதர் செலவில் இறுகியவர். இறக்கும்போது கருவூலத்தில் 270 கோடி செஸ்டர்ஸ் விட்டுச் சென்றார் என்கிறார் சூட்டோனியஸ் (நான்கு செஸ்டர்ஸ் ஒரு டெனாரியஸ்). கி.பி. 22இல் ஆட்சிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தில், பெண்களின் மணிக்கற்களுக்காக நம் பணம் அயல்நாடுகளுக்குப் போகிறதே என்று நொந்துகொண்டார். மற்றொரு ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் அதைப் பதிந்திருக்கிறார். காங்கேயம் பக்கத்துப் படியூரின் பச்சைக்கல்லும் முசிறித் துறைமுகமும் பாலக்காட்டுக் கணவாயும் இருக்கும் இந்த நிலத்தில் அவருடைய காசுகள் குவியலாகக் கிடைப்பதை அந்தக் கடிதத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒரு படைவீரனின் ஓராண்டுச் சம்பளம் அப்போது 225 டெனாரியஸ். பூதிநத்தத்தில் ஒரே புதையலில் ஆயிரத்துக்கும் மேலான டெனாரியஸ்கள் கிடைத்தன.

படி 6: உண்மையா, போலியா

மூன்று வகைப் போலிகளை எதிர்பாருங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் மாட்டும்.

*வார்ப்புப் போலி.* உண்மைக் காசிலிருந்து அச்செடுத்து உருக்கி ஊற்றியது. லென்ஸில் தளம் சோப்புக் கட்டி போல வழவழத்து, எழுத்தின் ஓரங்கள் மழுங்கி இருக்கும். நுண்ணிய காற்றுக்குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி ஒரு கோடு, அல்லது அந்தக் கோட்டை அரம் போட்டு அழித்த தடம். அடித்த காசில் விளிம்பு வெடிப்புகள் இயல்பு, அவை குறை அல்ல. வார்த்த காசில் வெடிப்பின் உட்புறமும் வழவழப்பாக இருந்தால் அது மூலத்திலிருந்து நகலான வெடிப்பு.

*புதிதாக அச்சடித்த போலி.* இதுதான் ஆபத்து. பல்கேரியாவில் செய்யப்பட்டவை நல்ல வெள்ளியில், சரியான எடையில்கூட வந்திருக்கின்றன. எடையும் அடர்த்தியும் இங்கே உதவாது. பிடிபடுவது பாணியிலும் ஒப்பீட்டிலும்தான்: வெவ்வேறு இடத்தில் விற்கும் இரண்டு காசுகளில் அச்சு மட்டுமல்ல, மையம் விலகிய அளவு, விளிம்பு வடிவம், கீறல் எல்லாம் ஒத்திருந்தால் குறைந்தது ஒன்று போலி. ஒரே அச்சில் இரண்டு உண்மைக் காசு இருக்கலாம். ஒரே கீறல் இரண்டில் இருக்க முடியாது.

*பழங்காலத்துப் போலி.* செம்பு வில்லைக்கு வெள்ளித்தகடு போர்த்தி அடித்தது. அந்தக் காலத்திலேயே புழங்கியது, அதனால் இதற்கும் தனி மதிப்பு உண்டு. ஆனால் வெள்ளிக்காசு விலைக்கு வாங்கக் கூடாது. விளிம்பிலும் உயர்ந்த இடங்களிலும் பச்சை அல்லது செம்பழுப்பு எட்டிப்பார்க்கும். எழுத்துப் பிழையும் மிகுதி. ரோமானிய டெனாரியஸைப் பார்த்து இந்தியாவிலேயே செய்த பழைய நகல்களும் கிடைத்துள்ளன. எழுத்து வெறும் கோடும் புள்ளியுமாகச் சிதைந்திருந்தால் அதையும் நினைவில் கொள்ளுங்கள்.

செம்பு உள்ளே இருக்கிறதா என்று பார்க்க அடர்த்திச் சோதனை. முதலில் உலர்ந்த காசை நிறுத்துக் குறியுங்கள். தராசின் மேல் ஒரு சிறு கோப்பையில் காய்ச்சி வடித்த நீர் வைத்துச் சுழியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, கையால் தூக்கிப் பிடித்தபடி, நீரில் முழுதாக மூழ்க விடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. தராசு காட்டும் எண்ணால் உலர் எடையை வகுங்கள். 3.74 கிராம் காசு நீரில் 0.359 காட்டினால் அடர்த்தி 10.42, நல்ல வெள்ளி. 3.10 கிராம் காசு 0.335 காட்டினால் 9.25, உள்ளே செம்பு.

இதில் சறுக்கும் இடம் தராசு. 0.01 கிராம் தராசில் அதே 3.74 கிராம் காசு 0.35 காட்டினால் 10.69, 0.37 காட்டினால் 10.11. ஒரே ஓர் இலக்கம் தள்ளிப்போனால் விடை இவ்வளவு ஆடுகிறது. ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். காசில் ஒட்டிய காற்றுக்குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். மூழ்கியதும் மெல்ல அசைத்துக் குமிழியை விரட்டுங்கள். வெடிப்புள்ள, படிகமான காசு உண்மையாக இருந்தும் 10க்கு அருகே இறங்கலாம்.

நகைக்கடைக்குக் கொண்டுபோனால் உரைகல்லில் தேய்க்கவோ அமிலம் விடவோ அனுமதிக்காதீர்கள். அங்கிருக்கும் எக்ஸ்ரே காரட் இயந்திரம் காசைக் கெடுக்காது, ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். வெள்ளி போர்த்திய செம்பும் அதில் ‘வெள்ளி’ என்றே வரும்.

தலையின் குறுக்கே உளிவெட்டு விழுந்த காசைக் கண்டு ஒதுக்கிவிடாதீர்கள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசனின் முகம் வெட்டப்பட்டிருந்தது. நல்கொண்டா மாவட்டத்து அக்கன்பள்ளி வெள்ளிக்காசுகளிலும் அத்தகைய வெட்டு உண்டு. வெட்டின் உட்புற நிறம் மற்ற தளத்தோடு ஒத்திருந்தால் அது பழைய வெட்டு, காசின் இந்திய வாழ்க்கைக்குச் சான்று. உட்புறம் பளிச்சென்றிருந்தால் அண்மையில் யாரோ சோதித்தது.

படி 7: சுத்தம் செய்வதும் வைப்பதும்

புளி, திருநீறு, பூந்திக்கொட்டை, பற்பசை எதுவும் வேண்டாம். பூசைப் பாத்திரத்துக்கு அவை சரி. இங்கே அவை எழுத்தின் கூர்மையைத் தேய்த்துவிடும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் கருமையை நொடியில் போக்கும், கூடவே வெளிறிய உயிரற்ற தளத்தையும் தரும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவிட்டு, நீரை மாற்றி, மென்மையான தூரிகையால் ஒற்றுங்கள். கொதிநீர் கூடாது, படிகமான வெள்ளி விரிசல் விடும். சாம்பல் படிந்த கருமை காசுக்குக் காப்பு, அப்படியே இருக்கட்டும்.

மலிவான பி.வி.சி. உறைகளில் வைத்தால் ஒட்டும் பச்சைப் பிசின் கசியும். ஏற்கெனவே கசிந்திருந்தால் தூய அசிட்டோனில் ஊறவைக்கலாம், காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து தள்ளி. பிறகு மைலார் உறை அல்லது அமிலமற்ற காகித உறை, டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றுக்கு அந்தப் பொட்டலத்தை அவ்வப்போது மாற்றியாக வேண்டும்.

படி 8: வாங்குவதும் பதிவதும்

சந்தையில் இது ‘ட்ரிப்யூட் பென்னி’, வரிக்காசு. சீசருக்கு வரி கட்டலாமா என்ற கேள்விக்கு இயேசு காட்டச் சொன்ன டெனாரியஸ் இதுதான் என்ற நம்பிக்கையிலிருந்து வந்த பெயர். 1611 ஆங்கில விவிலியம் டெனாரியஸைப் ‘பென்னி’ என்றது. நற்செய்தி நூல்களில் அரசன் பெயரே கிடையாது, ‘சீசர்’ என்பதோடு சரி. அது அகஸ்டஸின் டெனாரியஸாகவும் இருந்திருக்கலாம் என்று நாணயவியலாளர் சிலர் கருதுகிறார்கள். பெயருக்காகக் கூடுதல் விலை கேட்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள்.

சட்டத்தில் தெளிவாக இருங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது, வணிகம் செய்ய உரிமம் வேண்டும். நிலத்தில் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். குவியலாகக் கிடைத்தால் கழுவாதீர்கள், பிரிக்காதீர்கள், பானை ஓட்டையும் எறியாதீர்கள். எந்தக் காசு எதனோடு கிடந்தது என்பதிலிருந்துதான் புதைத்த காலம் தெரியவரும். அக்கம்பக்கம் பங்கிட்டு உருக்கிப்போன குவியல்கள் கொங்கு நாட்டில் எத்தனையோ. அந்த இழப்பை எந்த ஆய்வாலும் ஈடுகட்ட முடியாது.

வாங்கிய காசானால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை: எடை, இரு குறுக்களவு, படித்த எழுத்து (தெரிந்தவை மட்டும், ஊகித்தவை அடைப்புக்குறிக்குள்), நாற்காலிக் கால், தரைக்கோடு, அடர்த்தி, வெட்டு இருந்தால் அதன் இடம், வாங்கிய நாள், ரசீது எண், விற்றவர் சொன்ன பூர்வீகம். முன்பின் மேலிருந்து நேராக எடுத்த படங்களோடு விளிம்பின் படம் ஒன்றும் சேருங்கள். பெரும்பாலோர் விளிம்பை விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் ஐயம் எழும்போது முதலில் கேட்கப்படும் படம் அதுதான்.